டப்பாவுக்குள் லட்சம் பேர்!

"ஐயோ…! அத்தை…! கண்ணு…!"

அலறல் கேட்டது.

கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நாற்பத்திரண்டாயிரம் பேர்!

காரணம், அது நேரலை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. வெள்ளைத் துணி விரித்த மேஜை, நாலு பக்கமும் விளக்கு, நடுவில் கேமராவாக ஒரு செல்போன். மேஜைக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும்.

மாமியார்தான் கம்பெனி முதலாளி. ஊருக்கெல்லாம் 'மேடம்'. "பிரிசர்வேட்டிவ் இல்லை, கெமிக்கல் இல்லை, பயம் இல்லை" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாடி கட்டியவர். மருமகள் அந்தக் கம்பெனியின் முகம். அதாவது, க்ரீமைத் தடவிக்கொண்டு சிரிக்க வேண்டிய முகம்.

அந்த முகம்தான் இப்போது இரண்டு கைகளாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியது!

"அத்தை… தெரியலை அத்தை… வலது கண்ணுல ஒண்ணுமே தெரியலை…!"

மேடம் என்ன செய்தார்?

மருமகளைப் பிடித்தாரா? தண்ணீர் கொண்டு வரச் சொன்னாரா?

கேமராவைப் பார்த்துச் சிரித்தார்!

"பயப்படாதீங்க கண்ணுங்களா… உடம்புல இத்தனை வருஷமா சேர்ந்த கெமிக்கல் எல்லாம் வெளியே வருது. இதைத்தான் நச்சு வெளியேறுதுன்னு சொல்றது…"

சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் கையை விட்டு இணைப்பைத் துண்டித்தார்.

நாற்பத்திரண்டாயிரம் பேரும் இருட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

* * *

மதியம் இரண்டு மணி. கம்பெனி வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஐம்பது வயது, அரை நரை. எதையும் பாதிக்கு மேல் நம்பாத முகம். அவர் பின்னால் ஏட்டு இறங்கினார், வலது கன்னத்தைச் சொறிந்தபடி.

"என்னய்யா, காலையிலிருந்து சொறிஞ்சிக்கிட்டே இருக்க? கொசுவா?"

"இல்ல சார்… லேசா அரிப்பு. நாலஞ்சு நாளா."

"டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே?"

"அதெல்லாம் தானா சரியாயிடும்னு சொல்லிட்டாங்க சார்." ஏட்டு கட்டடத்தைப் பக்தியோடு அண்ணாந்து பார்த்தார். "சார், மேடத்தை நேர்ல பார்க்கப் போறோமா? நான் ஆறு வருஷமா அவங்க வீடியோ ஒண்ணு விடாம பார்க்கறேன். எவ்வளவு பெரிய மனசு தெரியுமா சார்? லைவ்ல மருமகளுக்குப் புது டப்பா கொடுத்துட்டு, தான் மட்டும் ஒரு பழைய டப்பாவுல எடுத்துத் தடவிப்பாங்க. ஆறு வருஷமா அதே பழைய டப்பா சார்!"

"ஆறு வருஷமா ஒரே டப்பா காலியாகலையா?"

"அது… வந்து…"

"வாயை மூடிட்டு வா."

மேடத்தின் அறையில் வாசனை மூக்கைத் துளைத்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை மட்டும் நனையவில்லை.

"என் மருமக இல்ல சார் அவ, மக மாதிரி. அவ கண்ணைக் கெடுத்துட்டா சார் அந்தப் பாவி!"

"யாரு?"

"எங்க கெமிஸ்ட்! லேப் அக்கா, லேப் அக்கான்னு எல்லாரும் தலையில தூக்கி வச்சிருந்தாங்க. ஆபரேஷன்னு மூணு வாரம் லீவு. இன்னைக்குத்தான் வேலைக்கு வந்தா. வந்ததும் வராததுமா எங்கிட்ட சண்டை. 'இந்த பேட்ச்சை நிறுத்துங்க, திரும்ப வாங்குங்க'ன்னு கத்தினா. யாருடி நீ, முதலாளி நானா நீயான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"பத்து மணிக்கு ஸ்டுடியோ ரூம்ல நின்னுட்டிருந்தா சார், தனியா! கையில என் மருமகளோட டப்பா! நான் சத்தம் போட்டதும் வச்சிட்டு ஓடினா. ஒரு மணி நேரத்துல என் மருமக கண்ணு போச்சு. வேற என்ன வேணும்?"

"டப்பாவுல என்ன கலந்தாங்கன்னு நினைக்கறீங்க?"

மேடம் எழுந்தார். நடந்தார். லேபின் மூலையில் இருந்த இரும்பு லாக்கரைத் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்தார்.

துண்டு. மூக்குக் கண்ணாடிப் பெட்டி. அவற்றுக்குப் பின்னால், காகிதத்தில் சுற்றிய ஒரு பழுப்பு நிற பாட்டில்! உள்ளே எண்ணெய் மாதிரி நிறமில்லாத திரவம். லேபிள் சுத்தமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"கெமிக்கல்!" என்றார் மேடம், பாம்பைப் பார்த்தவர் போல.

ஏட்டு இரண்டடி பின்னால் போனார்.

"உங்க க்ரீம்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்லையா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சான்ஸே இல்ல! இது நாற்பத்தொண்ணாம் பேட்ச். மேடம் ஸ்பெஷல்! அவ லீவுல இருந்தப்ப நானே என் கையால, கேமரா முன்னாடி கிண்டினது. கத்தாழைச் சாறு, ரோஜாத் தண்ணி, தேன். அவ்வளவுதான்."

"கையாலன்னா, கையுறை போட்டா?"

"இயற்கைக்கு எதுக்கு சார் கையுறை?"

மேடத்தின் பத்து விரல்களில் ஏழு மோதிரங்கள் இருந்தன. இன்ஸ்பெக்டர் எண்ணிக்கொண்டார்.

"ஒவ்வொரு பேட்ச்சுலயும் ஒரு டப்பா ஆபீஸ் அலமாரில எடுத்து வைக்கறது எங்க வழக்கம்" மேடம் தொடர்ந்தார். "நாற்பத்தொண்ணாம் பேட்ச் டப்பா இதோ. சீல் கூடப் பிரிக்கலை. லேபுக்கு அனுப்புங்க சார்! என் க்ரீம் பால் மாதிரி சுத்தம்னு நாடே தெரிஞ்சுக்கட்டும்."

"இந்த அலமாரி சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என் கழுத்துச் செயின்ல. ஒரே சாவி. நானே எடுத்து வச்சேன், நானே பூட்டினேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

மேடம் நீட்டி முழக்கி எழுதினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு இலைப் படமும் வரைந்தார்.

* * *

மாலை நாலு மணி. ஸ்டேஷன்.

கெமிஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது. முகத்தில் பவுடர்கூட இல்லை. ஆபரேஷன் செய்த வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தாள். பயந்தவள் மாதிரி இல்லை. கோபத்தில் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பழுப்பு பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"இது உங்களோடதா?"

"ஆமா."

"இதை க்ரீம்ல கலந்தீங்களா?"

"ஆமா. கலந்தேன்."

ஏட்டுவின் பேனா நின்றது. இத்தனை சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

"எப்ப கலந்தீங்க?" இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"மூணு வருஷமா. ஒவ்வொரு பேட்ச்சுலயும். கிலோவுக்கு எட்டு கிராம். யாருக்கும் தெரியாம."

"அடிப்பாவி!" ஏட்டு அலறிவிட்டார். "மூணு வருஷமா நான் அதைத்தானேம்மா தடவறேன்!"

"அதனாலதான் உங்க மூஞ்சி இன்னும் மூஞ்சியா இருக்கு."

"என்னம்மா சொல்ற?"

"சார், இது விஷம் இல்ல. ஃபினாக்ஸிஎத்தனால்னு பேரு. பிரிசர்வேட்டிவ். கிருமி வளராம காக்கற மருந்து. உலகம் முழுக்க க்ரீம்ல போடறாங்க. நூத்துக்கு ஒண்ணுக்கு மேல போகக்கூடாதுன்னு அளவு இருக்கு. நான் அதுக்கும் கீழேதான் போட்டேன்."

"க்ரீம்ல ஏதும்மா கிருமி?"

கெமிஸ்ட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சாப்பாட்டு டப்பாவைக் கழுவாம மூடி வச்சு நாலு நாள் கழிச்சுத் திறந்திருக்கீங்களா?"

"திறந்திருக்கேன்."

"எப்படி இருந்துச்சு?"

"வீட்டுல டப்பாவோட சேர்த்து என்னையும் வெளியே அனுப்பினாங்க."

"இந்த க்ரீமும் அப்படித்தான். பாதிக்கு மேல தண்ணி. கூட கத்தாழை, தேன். கிருமிக்கு விருந்து! தினம் காலையில குளிச்சிட்டு, ஈர விரலை டப்பாவுக்குள்ள விட்டுத் தோண்டறாங்க. காக்க ஒண்ணுமே போடலைன்னா அது க்ரீம் இல்ல சார், பண்ணை! இந்த அம்மா அதை 'பயம் இல்லை'ன்னு எழுதி விக்குது. வாங்கறவங்களும் படிச்சவங்கதான். 'கெமிக்கல்'னு ஒரு வார்த்தையைக் கேட்டா போதும், பேயைப் பார்த்த மாதிரி ஓடறாங்க. தண்ணியே கெமிக்கல்தான்னு சொன்னா என்னை அடிக்க வர்றாங்க!"

"லேபிள்ல இல்லைன்னு போட்டுட்டு உள்ளே போட்டா அது ஏமாத்து வேலை இல்லையா? யாருக்காவது அந்த மருந்து ஒத்துக்கலைன்னா?"

முதல் தடவையாக அவள் தலை குனிந்தது.

"தப்புதான். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு எந்த மருந்தும் ஒத்துக்காம போகலாம். அதுக்காகத்தான் லேபிள். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். 'போடறதா இருந்தா வேலையை விட்டுப் போ'ன்னாங்க. போயிருக்கலாம். எனக்கப்புறம் வர்றவ போட மாட்டா. அதான் போகலை… சார், அதெல்லாம் அப்புறம். கேஸ் போடுங்க, உள்ளே தள்ளுங்க. முதல்ல ஒரு போன் பண்ணுங்க!"

"வக்கீலுக்கா?"

"கண் டாக்டருக்கு!"

அவள் எழுந்தே விட்டாள். வயிறு வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்தாள்.

"நாற்பத்தொண்ணுல நான் போடலை சார்! அப்ப நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தேன். நான் வந்தப்புறம்தான் செய்யணும்னு கெஞ்சிட்டுப் போனேன். இந்த அம்மா கேமராவை வச்சுக்கிட்டு மோதிரக் கையால கிண்டியிருக்கு! இன்னைக்கு அந்தப் பொண்ணோட டப்பாவை எடுத்துட்டு ஓடத்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன். திறந்தா, ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச வாடை. ஓரத்துல பச்சை. அதைக் கண்ணைச் சுத்தித் தடவியிருக்கா, அதுவும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டு! கண்ணுல இருக்கறது கெமிக்கல் இல்ல, கிருமி! டாக்டர் கெமிக்கல் பட்டதுன்னு நினைச்சு வைத்தியம் பண்ணினா நாளைக்குக் காலையில அந்தக் கண்ணு இருக்காது!"



ஏட்டு குனிந்து கிசுகிசுத்தார். "நம்பாதீங்க சார். நம்மள டபாய்க்கறா. வைத்தியத்தையே மாத்திவிடப் பார்க்கறா."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை பேசாத குற்றவாளி! மூன்று வருஷத் தப்பைத் தானே சொல்லிவிட்டு, அடுத்தவள் கண்ணுக்காகத் துடிக்கிறாள்.

போனை எடுத்தார்.

* * *

"டாக்டர், அந்தப் பொண்ணு கண்ணு எப்படி இருக்கு?"

"மோசம். மதியத்தைவிட மோசம்." டாக்டரின் குரலில் எரிச்சல் தெரிந்தது. "கெமிக்கல் பட்டா கழுவின உடனே கொஞ்சமாவது அடங்கணும். இது பரவுது. கருவிழில வெள்ளையா படருது."

"கெமிக்கல்னு யாரு சொன்னா?"

"மாமியார்தான். பழுப்பு பாட்டிலோட போட்டோவே காட்டினாங்க. வீக்கம் குறையட்டும்னு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் போனைக் கெமிஸ்ட் பக்கம் திருப்பினார். அவள் எட்டிப் பிடித்துக் கத்தினாள்.

"ஸ்டீராய்டை நிறுத்துங்க டாக்டர்! அந்தக் க்ரீம்ல பிரிசர்வேட்டிவ் கிடையாது! கெட்டுப்போன க்ரீம்! பொண்ணு லென்ஸ் போடறவ! சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாருங்க!"

அந்தப் பக்கம் டாக்டர் காகிதத்தைப் புரட்டும் சத்தம்.

"லென்ஸா? லென்ஸ் போடற பழக்கமே இல்லைன்னு அந்தம்மா சொன்னாங்களே…!"

போன் கட் ஆனது.

நாற்பது நிமிடங்கள். ஸ்டேஷன் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது. கெமிஸ்ட் உட்காரவில்லை. ஏட்டு கன்னத்தைச் சொறிவதைக்கூட மறந்துவிட்டார்.

போன் அலறியது!

"இன்ஸ்பெக்டர்…" டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "கிருமிதான். ஸ்லைடு முழுக்கக் குச்சி குச்சியா. மருந்தை மாத்திட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை சொட்டு. இதோட விடிஞ்சிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும். இப்ப கண்ணு தப்பும். தழும்பு இருக்கும், பார்வை கொஞ்சம் குறையும்… ஆனா தப்பும்."

கெமிஸ்ட் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இன்னொரு விஷயம்" டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மாமியார் பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'வைத்தியத்தை எப்படி வேணா பண்ணுங்க டாக்டர், ரிப்போர்ட்ல மட்டும் கிருமின்னு எழுதாதீங்க. கெமிக்கல்னே இருக்கட்டும்'னு!"

இன்ஸ்பெக்டரின் பற்கள் நறநறத்தன. மகள் மாதிரியாம், மகள்!

* * *

புதன்கிழமை மாலை. அரசுப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் வந்தது.

பழுப்பு பாட்டில்: ஃபினாக்ஸிஎத்தனால். கெமிஸ்ட் சொன்னது உண்மை.

குடோனில் எடுத்த பழைய நாற்பதாம் பேட்ச்: ஃபினாக்ஸிஎத்தனால் இருக்கிறது. கிலோவுக்கு எட்டு கிராம். கிருமி இல்லை. அதுவும் உண்மை.

மருமகளின் டப்பா, நாற்பத்தொன்றாம் பேட்ச்: பிரிசர்வேட்டிவ் எதுவும் இல்லை. கிருமி, கிராமுக்கு எண்பது லட்சம்!

ஆபீஸ் அலமாரி டப்பா, அதே நாற்பத்தொன்றாம் பேட்ச்: கிருமி இல்லை. பிரிசர்வேட்டிவ் இருக்கிறது!

"சார், இதென்ன கூத்து?" ஏட்டு தலையைச் சொறிந்தார், ஒரு மாறுதலுக்காக. "ஒரே அண்டாவுல கிண்டின க்ரீம். ஒரு டப்பாவுல மருந்து இருக்கு, இன்னொண்ணுல இல்லை. எப்படி சார்?"

"டப்பாவை மாத்தியிருக்காங்கய்யா. பழைய பேட்ச் டப்பா ஒண்ணை எடுத்து நாற்பத்தொண்ணுன்னு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. சிம்பிள்."

எதிர் பெஞ்சில் இருந்த கெமிஸ்ட் கையை நீட்டினாள். "அந்தக் காகிதத்தைக் கொடுங்க சார்."

வாங்கிப் படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது.

சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு!

"பழைய பேட்ச் இல்ல சார். நான் போட்டது ஃபினாக்ஸிஎத்தனால். இதுல இருக்கறது பாரபென்ங்கற வேற பிரிசர்வேட்டிவ், ரெண்டு வகை. கூடவே வெயிலுக்குத் தடவற மருந்து வேற. இது எங்க கம்பெனி க்ரீமே இல்ல! கடை க்ரீம்!"

"அப்ப பழைய டப்பாவை ஏன் மாத்தி வைக்கலை? அது சுலபமாச்சே?"

"அந்தம்மாவுக்கு நான் மருந்து போட்டது தெரியாதே சார்! தன்னோட எல்லா டப்பாவும் இந்த மாதிரிதான் பச்சை பிடிச்சுக் கிடக்கும்னு நினைச்சிருக்கு. தன் கம்பெனில நல்ல க்ரீம் ஒண்ணுகூட இருக்காதுன்னு அவ்வளவு நம்பிக்கை!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். வியாபாரிகள் எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். தன் சரக்கு கெட்டதாகத்தான் இருக்கும் என்று சத்தியமாக நம்பி, கடைக்குப் போய் அடுத்தவன் சரக்கை வாங்கித் தன் டப்பாவில் அடைத்த முதலாளியை இன்றுதான் பார்க்கிறார்.

"மாத்தினது சரி. க்ரீம் கெட்டது முன்னாடியே தெரியும்னு நிரூபிக்கணுமே. சண்டை நடந்தது செவ்வாய்க்கிழமை. அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லித் தப்பிச்சா?"

ஏட்டு தொண்டையைக் கனைத்தார்.

"சார்… திட்ட மாட்டீங்களே?"

"திட்டுவேன். சொல்லு."

ஏட்டு தயங்கித் தயங்கிச் செல்போனை நீட்டினார். இன்ஸ்பெக்டர் படித்தார். பிறகு ஏட்டுவின் கன்னத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அட முட்டாள் மகராசா! ரெண்டு நாளா சாட்சியைப் பையில வச்சுக்கிட்டா சொறிஞ்ச?"

* * *

வியாழக்கிழமை காலை பத்து மணி.

மேடம் ஸ்டேஷனுக்குப் பட்டுப் புடவையில் வந்தார். அன்று மாலை நேரலையில், 'கெமிக்கல் சதியை முறியடித்தோம்' என்று பேசப் போவதாக அறிவிப்பும் போட்டிருந்தார்.

"அவளை ஜெயிலுக்கு அனுப்பியாச்சா சார்?"

"இன்னைக்கு ஒருத்தரை அனுப்பறோம் மேடம். உட்காருங்க."

கெமிஸ்ட் எதிர் பெஞ்சில் இருந்தாள். மேடம் அவளைப் பார்த்த பார்வையில் எந்தப் பிரிசர்வேட்டிவும் கெட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் ஒரு டப்பாவை வைத்தார். "இது உங்க குடோன்ல இருந்து எடுத்த நாற்பத்தொண்ணு. கொஞ்சம் எடுத்துக் கண்ணுக்குக் கீழே தடவிக் காட்டுங்க மேடம். ஊருக்கே சொல்றவங்க நீங்க."

மேடத்தின் கை டப்பா வரை வந்தது. நின்றது. மடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நான்… இப்பதான் முகம் கழுவிட்டு வந்தேன்."

"சரி, பேசுவோம். க்ரீம் கெட்டிருக்கறது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கெடவே இல்ல! கெமிக்கல் கலந்தது அவ!"

"ஏட்டு, படிய்யா."

ஏட்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார். குரல் நடுங்கியது. குற்றவாளிக்கு முன்னால் அவர் குரல் நடுங்கியது அதுதான் முதல் தடவை.

"போன வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. அன்புள்ள மேடம், மேடம் ஸ்பெஷல் தடவியதிலிருந்து கன்னத்தில் அரிப்பும் கொப்புளமும். டப்பாவில் பச்சையாக ஏதோ தெரிகிறது. போட்டோ இணைத்துள்ளேன். இப்படிக்கு, உங்கள் ரசிகன்." விரலால் திரையைத் தள்ளினார். "பதில், ஒன்பதரை மணி. கண்ணா, இதே மாதிரி பன்னிரண்டு பேர் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் நச்சு வெளியேறுது. பச்சை என்பது மூலிகையின் சத்து. இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தடவவும்."

மேடத்தின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது. மீதி இருந்தது பவுடர்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர். ஏட்டு பதிமூணு. செவ்வாய்க்கிழமை உங்க மருமக பதினாலு!" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நேத்து அந்தப் பொண்ணு வாக்குமூலம் கொடுத்தாச்சு. 'கண்ணு சிவந்திருக்கு, க்ரீம் வாடை அடிக்குது அத்தை, இன்னைக்கு வேண்டாம்'னு சொல்லியிருக்கா. 'பவுடரைப் போட்டு மறைச்சுக்கிட்டு வந்து உட்காரு'ன்னு சொன்னது யாரு? லென்ஸ் போடற பழக்கமே இல்லைன்னு டாக்டர்கிட்ட புளுகினது யாரு? கண்ணு போனாலும் பரவாயில்ல, கம்பெனி பேரு போகக்கூடாது. அப்படித்தானே?"

"சார்… நானே ஏமாந்தவ சார்!" மேடம் சட்டென்று கட்சி மாறினார். "மூணு வருஷமா இவ என் க்ரீம்ல கெமிக்கல் கலந்திருக்கா! என் கொள்கைக்கே துரோகம் பண்ணிட்டா!"

"அதுக்கு அவங்க மேல தனியா கேஸ் இருக்கு."

"போடுங்க சார்" என்றாள் கெமிஸ்ட் அமைதியாக. "காலையில அந்தப் பொண்ணைப் பார்த்தேன். எத்தனை விரல்னு கேட்டேன். சரியா சொன்னா."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கதவைக் காட்டினார்.

"மேடம், உங்களைக் கைது பண்றோம். ஏட்டு, வழக்கம் போல உடைமைகளை எழுதிக்க."

கைதாகிறவரின் பையில் இருப்பதை ஒன்றுவிடாமல் எழுதுவது ஸ்டேஷன் வழக்கம். ஏட்டு மேடத்தின் கைப்பையைக் கவிழ்த்தார்.

"செல்போன் ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று. சீப்பு ஒன்று. ஸ்டிக்கர் ரோல் ஒன்று, நாற்பத்தொன்றுன்னு அச்சடிச்சது. அப்புறம்…"

ஏட்டு நின்றார்.

அவர் கையில் ஒரு டியூப்! தெருமுனை மருந்துக் கடையில் தொங்கும் சாதாரண க்ரீம். பாதிக்கு மேல் பிதுக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணருகில் வைத்துப் படித்தார்.

"தண்ணீர்… கிளிசரின்… வெயில் தடுப்பு… பாரபென்… இன்னொரு பாரபென்…"

ஆபீஸ் அலமாரி டப்பாவுக்குள் இருந்த அதே க்ரீம்!

ஏட்டுவின் கண்கள் மெல்ல உயர்ந்தன. ஆறு வருஷ பக்தி அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

"மேடம்… லைவ்ல உங்களுக்குன்னு தனியா ஒரு பழைய டப்பா வச்சிருப்பீங்களே… ஆறு வருஷமா அதுக்குள்ள இருந்ததும் இதுதானா?"

மேடம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு… கொஞ்சம் சென்சிடிவ் ஸ்கின்ப்பா."

பெண் போலீசார் வந்து மேடத்தை அழைத்துப் போனார்கள். ஸ்டேஷனில் வாசனை மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் சீக்கிரம் போய்விட்டது.

ஏட்டு தன் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு டப்பா. மேடம் ஸ்பெஷல். அவருடையது. மூடியைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், சட்டென்று மூடினார்.

"சார், இதுவும் எவிடென்ஸ்தானே? இதை எங்க சார் வைக்கறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"லாக்கப்ல வை. உள்ளே லட்சக்கணக்குல உயிரோட இருக்காங்க. எத்தனை பேர்னு எண்ணி, கையெழுத்து வாங்கிட்டுப் பூட்டு!"